முந்நூற்று நான்காம் பக்கம்

1-1-1981, வியாழன்

காலையில் ஆல்போன்ஸ் முசியே வீட்டுக்குப் போய்ப் பட்டியல் வாங்கி வந்தேன். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம். ஜனவரி முதல் தேதி அவர் தம் அலமாரியில் இருக்கிற தமிழ்ப் புத்தகங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதித் தருவார். மாதத்துக்கு ஒன்று. டிசம்பர் கடைசியில் நான் போய் "ஆச்சு முசியே" என்று சொல்ல வேண்டும்.

நேற்று மாலைதான் போய் "ஆச்சு" என்று சொன்னேன். பன்னிரண்டில் முழுதாகப் படித்தது ஒன்று. அதுவும் நூறு பக்கம். மற்றதெல்லாம் முன்னுரை, முதல் அத்தியாயம், நடுவில் ஒரு பத்துப் பக்கம். அதை வைத்துக்கொண்டு பேசிச் சமாளித்துவிட்டேன். முந்தின வருஷமும் அப்படித்தான். அவர் காபி போட்டுக் கொடுத்து, "காரைக்கால்ல படிக்கிற ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தாங்க சிவசு" என்றார்.

ஏன் பொய் சொல்கிறேன்? ஆபீஸில் என்னை ஓர் ஆளாக யாரும் மதிப்பதில்லை. விழிதியூரில் நிலம் பார்க்கிற தம்பிக்கு நான் நாற்காலி தேய்க்கிறவன். என்னைப் படித்தவன் என்று நம்புகிற ஒரே மனிதர் இவர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர், இன்றைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், மூன்று பாஷை தெரிந்தவர். பிரெஞ்சு மரியாதைப்படி ஊரே அவரை முசியே என்றுதான் கூப்பிடும். அவர் வாயால் கிடைத்த பெயரை விட எனக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷம் நிஜமாகவே படிப்பேன். பன்னிரண்டும். ஒரு பக்கம் விடாமல். நாளைக்குப் பதினைந்து பக்கம். நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் இதைக்கூடச் செய்ய முடியாதா?

ஜனவரிக்கு அவர் கொடுத்தது ஒரு தடித்த புத்தகம். எந்தப் பாஷையிலிருந்தோ பெயர்த்த நாவல். முதல் தாள் போய்விட்டதால் தலைப்புத் தெரியாது. கப்பல் புத்தகம் என்றே சொல்கிறார். நானூற்று எண்பது பக்கம். "இதை முதல்ல படிங்க. சீக்கிரமா முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். எப்போதும் இப்படி அவசரப்படுத்துகிறவர் இல்லை.

கிளம்பும்போது லைப்ரரிக்குப் போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார்.

"லிப்ரேரின்னா புஸ்தகக் கடைங்க. நீங்க ஓசிப் பேப்பர் படிக்கப் போறது பிப்லியோதெக்."

"ஊர்ல எல்லாரும் லைப்ரரின்னுதான் சொல்றாங்க முசியே."

"ஊரே தப்பாச் சொன்னா சரியாயிடுமா?"

ஆறு வருஷமாக இதே சண்டை. ஒரு தடவையும் அவர் விட்டுக் கொடுத்ததில்லை.

4-1-1981

பக்கம் 14. ஒரு துறைமுகம், ஒரு மழை, யாரோ ஒருவன் மூட்டை தூக்குகிறான்.

11-1-1981

பக்கம் 14.

19-1-1981, திங்கள்

மேல்பதவி ஆர்டர் வந்துவிட்டது. எனக்கு இல்லை. எனக்கு ஏழு வருஷம் பின்னால் வேலைக்கு வந்தவனுக்கு. எல்லோரும் அவனுக்குக் கைகொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். லட்டு கொடுத்தான், தின்றேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். எழுத்தெல்லாம் எழுத்தாகத்தான் இருக்கிறது, வார்த்தையாகச் சேர மாட்டேன் என்கிறது. ஒரே பாராவை நாலு தடவை படித்தேன். அப்படியே தூங்கிப்போனேன் போலிருக்கிறது. என் சம்சாரம் நீலாயதாட்சி வந்து எழுப்பினாள். "புஸ்தகத்தை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுத் தூங்குனா உள்ள ஏறிடுமாங்க?"

அவளுக்கு நான் படிப்பதில்லை என்று தெரியும். வெளியில் சொல்லமாட்டாள்.

26-1-1981

லீவு. முசியேவைப் பார்க்கப் போனேன். இருமல் நிற்கவில்லை, பேசினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர், தனியாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

மேஜைமேல் பிரான்சிலிருந்து வந்த கடிதம் கிடந்தது. மகள் ஃபிரான்சுவாஸ் எழுதியது. லியோன் பக்கத்தில் நர்ஸாக இருக்கிறாள். இவரிடம் சொல்லாமல் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. தாய் ஜெனேவியேவ் செத்தபோதுகூட, நீ வரவேண்டாம் என்று தந்தி கொடுத்தவர் இவர். இப்போது அவளே எழுதியிருக்கிறாள், வந்து என்னோடு இருங்கள் என்று.

"போங்களேன் முசியே" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? அவ கதவைத் திறந்து, யாரு நீங்கன்னு கேட்டா?"

"அவங்கதானே கூப்பிடுறாங்க?"

"கூப்பிடுறது வேற. போய் நிக்கிறது வேற." பேச்சை மாற்றி, கப்பல் புத்தகம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். பாதி தாண்டியாச்சு என்றேன். நாக்கு தானாகவே சொல்லிவிடுகிறது.

8-2-1981, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

போனதும் வாசலிலேயே கேட்டார். "முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். நாற்காலியை எனக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கடைசில என்ன ஆச்சு?"

இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டதே இல்லை. தெரிந்துவிட்டது, சோதிக்கிறார் என்று புரிந்தது. நான் படித்தது பதினாலு பக்கம். அதைக் கொடுக்கும்போது, கப்பலில் வேலை செய்கிற ஒருவன் சின்ன வயசில் விட்டுவந்த மகளைப் பற்றிய கதை என்று அவரே சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீந்தினேன்.

"கடைசில ஊர் போய்ச் சேர்ந்துடுறான் முசியே. மகள் வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கதவைத் தட்டுறான். அவளே வந்து திறக்குறா."

"திறந்து?"

"ஒண்ணும் சொல்லலை. உள்ள வாங்கன்னு பையை வாங்கிக்கிறா. அதோட முடியுது."

"ஓ" என்றார். பிறகு, "பையை வாங்கிக்கிறாளா…" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவமானம். ஒரு மனிதன் கண்ணெதிரே பொய் சொல்கிறதைப் பார்த்து, அவன் மனம் நோகக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு அது. புத்தகத்தை நீலா படித்துக்கொண்டிருக்கிறாள், அப்புறம் தருகிறேன் என்று இன்னொரு பொய்யும் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

10-2-1981

முசியே பிரான்சுக்குப் போகிறார். தபாலாபீசில் பார்த்தேன், மகளுக்குத் தந்தி கொடுக்க வந்திருந்தார். திடீரென்று ஏன் என்று கேட்கத் துணிவில்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சே, என்ன பெரிய ஆள் நான், என்னால் ஒருவர் கடல் தாண்டுவதற்கு!

27-2-1981, வெள்ளி

போய்விட்டார். காரில் ஏறும்போது வீட்டுச் சாவியும் அலமாரிச் சாவியும் என் கையில் கொடுத்தார். "மீதி பதினொண்ணையும் எடுத்துப் படிங்க. படிச்சுட்டு எழுதுங்க. அங்க எனக்குப் பேச ஆள் கிடையாது."

கார் திரும்புகிறவரை கையை வெளியே நீட்டியிருந்தார். கப்பல் புத்தகத்தை மாலையிலேயே கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது.

15-3-1981

அலமாரியைத் திறக்கவில்லை.

12-4-1981

முசியேவின் முதல் கடிதம். குளிர், மாத்திரை, ஜன்னலிலிருந்து தெரிகிற ரயில் பாதை. ஃபிரான்சுவாஸ் ஏர்போர்ட்டுக்கே வந்துவிட்டாளாம். வேறொன்றும் அதைப் பற்றி இல்லை. கடைசியில் கேட்டிருக்கிறார்: பிப்ரவரிப் புத்தகமும் மார்ச்சுப் புத்தகமும் எப்படி?

இரண்டும் அருமை என்று பதில் எழுதினேன். ஒட்டுகிற தபால்தலைக்குக்கூட வெட்கமாக இருந்திருக்கும்.

20-5-1981, புதன்

இரண்டாவது கடிதம். எழுத்து நடுங்கியிருக்கிறது. இனி திரும்பி வருவதாக இல்லையாம். வீட்டுக்காரரிடம் ஜூனில் வீட்டை ஒப்படைத்துவிட வேண்டுமாம். பாத்திரம் பண்டம் எல்லாம் வேலைக்காரி அஞ்சுகத்துக்கு. பிறகு இப்படி:

"புத்தகங்களில் உமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை லிப்ரேரியில் கொடுத்துவிடும்."

லிப்ரேரி.

நீலாவிடம் படித்துக் காட்டினேன். "லைப்ரரிக்குக் குடுக்கச் சொல்றாரு, நல்லதுதானே" என்றாள்.

"இல்ல. அவர் பாஷையில லிப்ரேரின்னா புத்தகக் கடை. எத்தனை தடவை என்னைத் திருத்தியிருக்கார்!"

"கடைக்கு எதுக்குங்க குடுக்கச் சொல்லப் போறாரு?"

"அவர் சொன்னா சொன்னதுதான். வார்த்தையில தப்பு விடுறவரா அவரு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அரிசி களையப் போனாள்.

24-5-1981, ஞாயிறு

ஆச்சு. காதர் பாட்சா பாயின் பழைய புத்தகக் கடைக்கு வண்டி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இருநூற்றுச் சொச்சம் புத்தகம். பாதி, அவரே வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணினது. காசு வேண்டாம் என்றேன். பாய் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணு ரெண்டாச்சும் எடுத்துக்குங்க சார். நீங்க படிக்கிற ஆளாச்சே."

ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, உண்மையை எழுதுகிறேன். அந்த அலமாரி இருக்கிறவரை அவருக்குப் பொய்க் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததுமே எனக்கு இரண்டு அர்த்தமும் தெரிந்தது. எது சீக்கிரம் தொலைக்குமோ அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன்.

20-6-1981

மாங்கனித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்தது. ஊர் முழுக்க மாம்பழத்தோல். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். ராத்தூக்கம் பரவாயில்லை.

14-7-1981, செவ்வாய்

பிரெஞ்சு தேசிய விழா. பழைய சிப்பாய்கள் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு வெயிலில் நின்றார்கள். வருஷா வருஷம் முசியே வெள்ளைச் சட்டை, கறுப்பு டையோடு மூன்றாம் வரிசையில் நிற்பார். நான் வேடிக்கை பார்க்கப் போவேன். இன்றும் போனேன். மூன்றாம் வரிசையில் இன்னொருவர் நின்றார்.

வீட்டுக்கு வந்தால் கடிதம். ஒரே பக்கம்தான்.

"புத்தகங்களைச் சேர்த்துவிட்டீரா? தங்கையனிடம் சொல்லி ஒவ்வொன்றிலும் ஜெனேவியேவ் பெயரைப் போடச் சொல்லும். அவள் சேர்த்தது பாதி. ஊர்க்காரர்கள் யார் யார் எடுத்துப் படிக்கிறார்கள் என்று எனக்கு எழுதும். லிப்ரேரி என்று உம் அர்த்தத்திலேயே எழுதியிருந்தேன், கவனித்தீரா? இத்தனை வருஷம் உம்மோடு போட்ட சண்டையில் கடைசியில் நான் தோற்றுப்போகிறேன் என்று வைத்துக்கொள்ளும்."

தங்கையன் நம்ம ஊர் லைப்ரரியில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்.

எனக்காக. என் ஒருவனுக்காக அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை தன் அர்த்தத்தை விட்டுக்கொடுத்து என் அர்த்தத்தில் எழுதினார். நான் என்ன பண்ணேன்? என்ன காரியம் பண்ணிட்டேன்! ஜெனேவியேவ் அம்மா சேர்த்ததாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும்? அலமாரியைத் திறந்து நாலு புத்தகத்தைக் கடைசிவரை புரட்டியிருந்தால் எங்காவது அந்த அம்மாள் கையெழுத்துத் தெரிந்திருக்கும்.

சாப்பிடவில்லை. நீலா "அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

15-7-1981

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பாய் கடைக்குப் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சார், அது போயி ஒரு மாசம் ஆச்சு. திருவிழாக் கூட்டத்துல பாதி போயிடுச்சு. மிச்சத்தை நாகப்பட்டினத்து ஆளு ஒருத்தரு மொத்தமா எடுத்துக்கிட்டாரு. கெடைக்காதுங்க."

"ஒண்ணுமே இல்லையா பாய்?"

உள்ளே போய்த் தேடி ஒன்றை எடுத்து வந்து தூசி தட்டினார். "இது ஒண்ணு கெடக்கு. பின்பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு சார், அச்சாபீசுல வெட்டாம விட்டுட்டான். எவனும் வாங்க மாட்டேங்குறான்."

கப்பல் புத்தகம்.

நாகப்பட்டினத்துக்கும் பஸ் ஏறினேன். அந்த ஆள் எடைக்கு எடுத்து எடைக்கே கொடுத்துவிட்டாராம். பொட்டலம் மடிக்கிற கடைகளுக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

20-7-1981

முசியேவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஆறு வருஷப் பொய், பதினாலு பக்கம், மகள் பையை வாங்கிக்கொண்டதாக நான் கட்டிச் சொன்னது, பாய் கடை, நாகப்பட்டினம். எட்டுத் தாள் முன்னும் பின்னும். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க முகமில்லை. நீலா உறையை ஒட்டும்போது, "இவ்வளவு கனமாவா அனுப்புறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

9-8-1981

பதில் இல்லை.

25-8-1981

பதில் இல்லை. லைப்ரரித் தெருவழியாகப் போவதை விட்டுவிட்டேன். தங்கையன் கண்ணில் பட்டால் சிரிப்பார்.

9-9-1981, புதன்

ஃபிரான்சுவாஸிடமிருந்து கடிதம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழையே பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறாள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. வாய்விட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தால்தான் வார்த்தை வருகிறது. கூடத்தில் உட்கார்ந்து குழந்தைப்பிள்ளை மாதிரி உரக்கப் படித்தேன். "அப்… பா… போ… யிட்… டாரு." என் வாயிலிருந்தே வந்தது. நீலா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி. தூக்கத்திலேயே.

மேலே படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்:

"உங்க லெட்டர் வந்தப்போ அப்பாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்றேன்னேன், வேணாம்னுட்டாரு. கையில வெச்சுக் கனம் பாத்தாரு. சிவசு பன்னெண்டையும் படிச்சுட்டாரு, அதான் இவ்ளோ எழுதியிருக்காருன்னு சிரிச்சாரு. தலைமாட்டுலயே வெச்சிருந்தாரு. பிரிக்கலை. கோட்டுப் பையில வெச்சே அடக்கம் பண்ணிட்டோம்."

அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். நீலாதான் முதுகைத் தடவிக் கொடுத்து, "மீதியையும் படிங்க" என்றாள்.

"அப்பா ஒரு கப்பல்காரன் கதையையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவன் மக கதவைத் திறந்து பையை வாங்கிக்குவாளாம். அதைக் கேட்டுத்தான் கெளம்பி வந்தேன்னாரு. நான் ஏர்போர்ட்டுல அவரு பையை வாங்குனப்போ அழுதாரு. ஏன்னு அப்போ புரியலை. மாமா, அந்தப் புஸ்தகம் எனக்கு வேணும். இங்க தமிழ் படிக்கிறவங்க இருக்காங்க, படிச்சுக் காட்டச் சொல்லிக் கேப்பேன்."

கேட்டுத்தான் கிளம்பினாரா? படிக்காதவன் கட்டின கதையையா? நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே சிரித்தார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே. தெரிந்திருந்தால் அவளிடம் இப்படிச் சொல்லியிருப்பாரா? ஒன்றும் விளங்கவில்லை.

என் கடிதம் பிரிக்கப்படவில்லை என்றதும் முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வரிசை அதுதான், மாற்றி எழுத முடியாது.

10-9-1981

புத்தகத்தை அனுப்புவதற்கு முன்னால் படிக்கப் போகிறேன். முதல் பக்கத்திலிருந்து. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக் கூடாது.

பக்கம் 9.

17-9-1981

பக்கம் 71. முசியே, தாம் படித்த ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் தம் சுருக்கொப்பத்தைப் போட்டிருக்கிறார். கோர்ட்டில் தஸ்தாவேஜின் எல்லாப் பக்கத்திலும் அப்படிப் போட வேண்டுமாம். அந்தப் பழக்கம் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். அவர் அலமாரிப் புத்தகத்தில் எழுபத்தொன்றாம் பக்கத்தை நான் பார்ப்பது இதுதான் இரண்டாம் தடவை.

28-9-1981

பக்கம் 160. ஆபீஸில் டிபன் நேரத்திலும் படிக்கிறேன். அந்த மூட்டை தூக்குகிறவன்தான் கதாநாயகன். ஆறு வயசு மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறுகிறான், இருபது வருஷம் போய்விடுகிறது. நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறவன். எனக்குத் தெரிந்த ஆள்தான்.

5-10-1981

பக்கம் 233.

12-10-1981, திங்கள்

பக்கம் 304. ஊருக்குப் போகிற கப்பலில் வேலை கேட்டு வாங்கிவிட்டான். மகளுக்குக் கடிதம் போட்டுவிட்டான். ஏணிப்படியில் ஏறுகிறான்.

அடுத்த தாளைத் திருப்ப முடியவில்லை. இங்கிருந்துதான் பக்கங்கள் மேல்விளிம்பில் வெட்டாமல் கிடக்கின்றன, பாய் சொன்ன மாதிரி. முன்பக்கங்களைப் பார்த்தேன். அங்கேயும் வெட்டாமல்தான் வந்திருக்கிறது. யாரோ கத்தியால் பொறுமையாக அறுத்திருக்கிறார்கள், விளிம்பு பிசிர் பிசிராக இருக்கிறது. முந்நூற்று நாலு வரைக்கும். முந்நூற்று நாலின் மூலையில் அவர் சுருக்கொப்பம். அதுதான் கடைசி.

இரண்டு தாள்களுக்கு நடுவே விரலை விட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். முந்நூற்று ஐந்தில் சுருக்கொப்பம் இல்லை, ஆறில் இல்லை.

அவர் படிக்கவில்லை. ஏணிப்படியோடு நிறுத்திவிட்டார். மேலே அறுத்துப் பார்க்கப் பயந்து, முதலில் நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று என்னிடம் கொடுத்திருக்கிறார். கடைசில என்ன ஆச்சு என்று கேட்டது சோதனை இல்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார். நான் சொன்னதை நம்பி மறுநாளுக்கு மறுநாள் தந்தி கொடுத்திருக்கிறார்.

நீலாவிடம் சொன்னேன். "நல்லதுதான் சொன்னீங்க" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சொன்னது எப்படி நல்லதாகும்?

சவர பிளேடு எடுத்து ஒவ்வொரு பக்கமாக அறுத்தேன்.

3-11-1981

நாலு நாளாக மழை. அரசலாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. முடித்துவிட்டேன். நானூற்று எண்பது.

அவன் போகவில்லை. கப்பல் வழியில் ஏழு துறைமுகத்தில் நிற்கிறது. ஐந்தாவதில், புகையிலை வாங்கி வருகிறேன் என்று இறங்குகிறவன், சங்கு ஊதியும் ஏறவில்லை. கரையில் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கப்பல் புறப்படுவதைப் பார்க்கிறான். யாரும் தடுக்கவில்லை. நோயும் இல்லை. பயம்தான். கடைசி நாற்பது பக்கமும் அவன் அந்தத் துறைமுகத்தில் வேறொரு வேலைக்குச் சேருவதைப் பற்றி. மகள் வருவதே இல்லை.

முசியே இதை அறுத்துப் படித்திருந்தால் காரைக்காலிலேயே இருமிக்கொண்டு கிடந்து செத்திருப்பார். அப்படியும் சொல்ல முடியுமா? அவர் அவனைப் போல இல்லை என்று காட்டவே கிளம்பியிருக்கவும் கூடும். இனி யாரைக் கேட்பது?

இப்போது அவர் மகள் இந்தப் புத்தகத்தைக் கேட்கிறாள். படிக்கச் சொல்லிக் கேட்டதும், அப்பா ஏமாந்துதான் வந்தார் என்று தெரிந்துகொள்வாள். தொலைந்துவிட்டது என்று எழுதிவிடலாம். இருநூறு தொலைந்த இடத்தில் இன்னும் ஒன்று. யாருக்குத் தெரியும்?

11-11-1981

அனுப்புவதா, வேண்டாமா?

20-11-1981

பார்சல் கட்டி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, சரியாக வருகிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்தேன். "அப்பா முந்நூற்று நாலாம் பக்கத்தோடு நிறுத்திட்டாரும்மா. அதுக்கு மேல ஒட்டியிருந்ததை நான் இப்பத்தான் அறுத்துப் படிச்சேன், அப்போ படிக்கலை. படிச்ச மாதிரி பொய் சொன்னேன். மக கதவைத் திறந்தான்னு சொன்னது புஸ்தகத்துல இல்லை. நானே கட்டினது. அப்பாவும் அம்மாவும் சேத்து வெச்ச மத்த புஸ்தகமெல்லாம் என்னால போச்சு." இவ்வளவுதான். இதைப் படிக்க அவளும் வாய்விட்டுத்தான் சொல்லிப் பார்க்க வேண்டும்.

1-1-1982, வெள்ளி

பட்டியல் கொடுக்க யாரும் இல்லை. முசியே இருந்த வீட்டில் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது, வாசலில் கோலம். போன வருஷக் கணக்கு: பன்னிரண்டுக்கு ஒன்று.

20-1-1982, புதன்

ஃபிரான்சுவாஸ் எழுதியிருக்கிறாள். பழகிவிட்டது, அரைமணியில் படித்துவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் எழுதவில்லை. வேலை முடிந்து வந்து வாரம் இரண்டு நாள் ஒரு தமிழ்க்கார அம்மாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். "முந்நூத்தி நாலு வந்ததும் போதும், நிறுத்துங்கன்னுட்டேன். அப்பா நிறுத்துன எடம். அதுக்கு மேல என்ன இருந்தாலும் எனக்கு வேணாம் மாமா. நீங்க அவருக்குச் சொன்னதையே நானும் வெச்சுக்குறேன். நீங்க அறுத்த பக்கத்தையெல்லாம் நூலால சேத்துத் தெச்சுட்டேன்."

கடிதத்தை மடித்து டைரிக்குள் வைத்தேன். அந்த நூற்று எழுபத்தாறு பக்கத்தையும் எங்கள் மூன்று பேரில் படித்தவன் நான் ஒருவன்தான். படிக்காத பக்கங்களுக்காக வெட்கப்பட்டே பழகிய எனக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாப்பிடும்போது நீலா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கப்பல்காரன் கடைசில வந்தானா, இல்லையா?"

"வரலை" என்றேன்.

அவள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள்.